பிரிந்தவர்கள் மறுபடி சேரும் மர்ம நாவல், களம் கடலூர்: அவன் ஏன் சொல்லாமல் போனான்?

முதுநகர்க்காரி கேட்கிறார்:

வணக்கம். பிரிந்துபோன இருவர் பல ஆண்டு கழித்துச் சேரும் காதல் கதையும், ஒரு மரணத்தின் மர்மமும் ஒன்றாக ஓடும் நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் எங்கள் ஊர், கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரமான முதுநகர். மலை பங்களாவும் மூடுபனியும் எனக்கு வேண்டாம். ஐஸ் கம்பெனி, மீன் ஏலம், உப்பனாற்றுச் சேறு, காற்று திரும்பினால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் நெடி, இவற்றுக்கு நடுவேதான் இந்தக் காதல் நடக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

கதை இதுதான். 2011 டிசம்பர் 29 இரவு, தானே புயல் கரையைக் கடப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, தேன்மொழியின் அண்ணன் விசைப்படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று துறைமுகத்துக்குப் போகிறான். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதே இரவில் அருளும் ஊரைவிட்டுப் போகிறான். மறுநாள் அவனுக்கும் தேன்மொழிக்கும் நிச்சயதார்த்தம். அண்ணனைக் கடல் கொண்டுபோய்விட்டது, அருள் பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் இரண்டு முடிவுகளையும் எழுதிவிடுகிறது. 13 ஆண்டு கழித்து அருள் கடலோரக் காவல் இன்ஸ்பெக்டராக அதே துறைமுகத்துக்கு வருகிறான். அவள் அங்கே ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கம்பெனி முதலாளி, அண்ணனின் பழைய கூட்டாளி. குற்றவாளி அவர்தான்.

சிக்கல் என்னவென்றால், காதல் அத்தியாயம் வந்தால் மர்மம் படுத்துக்கொள்கிறது. மர்ம அத்தியாயம் வந்தால் இருவரும் துப்பறியும் அலுவலகத்துச் சம்பள ஆட்கள் போல ஆகிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை, அவன் சொல்லாமல் போன காரணம். கூட்டாளி மிரட்டினார், அதனால் போனான் என்று எழுதியிருக்கிறேன். என் தங்கை கைப்பிரதியைப் படித்துவிட்டு, “13 வருஷத்தில் ஒரு போன் போட முடியாதா இவனுக்கு?” என்று கேட்டாள். அன்றிலிருந்து பேனா நகரவில்லை.

பண்ருட்டி வாசகி:

முதலில் அந்த நிச்சயதார்த்தத்தை மாற்றுங்கள் அக்கா. டிசம்பர் 30 நடு மார்கழி. எந்த வீட்டில் மார்கழியில் தட்டு மாற்றுகிறார்கள்? திருவந்திபுரம் கோயிலில் தை முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது என்று வையுங்கள். பெயர் அச்சான பிறகு நின்றுபோகும் கல்யாணத்தின் அவமானம் வேறு அளவு.

போனைப் பற்றி: எங்கள் பக்கம் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் அந்த ஒரே இரவில் சாய்ந்தன. கரண்டு வருவதற்குப் பல ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது. ஆகவே முதல் சில நாளுக்கு உங்கள் தங்கையின் கேள்விக்குப் புயலே பதில் சொல்லிவிடும். மிச்ச 13 ஆண்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பழைய பெஞ்சு கிளார்க்:

அம்மா, கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குக் கட்டுகளுக்கு நடுவே பணிக்காலம் போனவன் நான். மதிய இடைவேளையில் மாத நாவல் படித்தே ஓய்வுபெற்றேன். ஆகவே இரண்டு பக்கமும் பேசுவதற்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அந்த இன்ஸ்பெக்டர் உடையை முதலில் கழற்றுங்கள். காணாமல் போனவனின் தங்கையை மணக்க இருந்தவன், அன்றிரவு அவனைப் பார்த்திருக்கக் கூடியவன், அந்த விவகாரத்தையே விசாரிக்கிறானா? எந்த வக்கீலும் ஒரே வாய்தாவில் அதை உடைத்துவிடுவார். அருள் சாட்சி. சந்தேகப்படுவதற்கும் முதல் ஆள் அவனே. நாயகனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள், உங்கள் இரண்டு கதைகளும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

எப்படி என்று சொல்கிறேன். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லை என்றால் அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 111. இதைப் பல நாவல்களில் பார்த்துவிட்டோம். எழுதுகிறவர்கள் கோட்டை விடுவது அடுத்த படியில். இறந்தார் என்பதைத்தான் சட்டம் அனுமானிக்கும். என்றைக்கு இறந்தார் என்பதை அனுமானிக்காது. தேதி வேண்டும் என்கிறவர் அதைச் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஐஸ் கம்பெனிக்கு வாருங்கள். அது நிற்கும் மனையில் பாதி அண்ணன் பெயரில் இருக்கட்டும். வங்கிக் கடன் வேலைக்காகப் புயலுக்கு முன்பே கூட்டாளிக்கு ஒரு பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தப் பவரை வைத்து 2012 மார்ச்சில் கூட்டாளி அந்தப் பாதியைத் தன் மனைவி பெயருக்குக் கிரயம் செய்துவிடுகிறார். பவர் கொடுத்தவன் இறந்த நொடியோடு பவரும் போய்விடும். அண்ணன் டிசம்பர் 29இல் இறந்திருந்தால் மார்ச் மாதக் கிரயம் நிற்காது. “எங்கோ உயிரோடு இருந்தான், பிறகு எப்போதோ இறந்திருப்பான்” என்றால் கூட்டாளிக்குக் கவலையில்லை. ஆக, குற்றவாளிக்கு அந்த ஆள் கொஞ்ச காலமாவது ‘உயிரோடு’ இருந்தாக வேண்டும். கொன்றவனே செத்தவனை உயிரோடு வைத்திருக்கப் பாடுபடுகிறான் என்பது எனக்குப் பிடித்த திருப்பம், இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேன்மொழி ஏன் இத்தனை ஆண்டு சும்மா இருந்தாள் என்று கேட்பார்கள். தாயார் விடவில்லை. வழக்குப் போடுவது என்றால் மகன் செத்தான் என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. தாயார் காலமான பிறகு இவள் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறாள். தன் சம்பளக் கணக்கு எழுதும் மேசைக்குக் கீழே இருக்கிற நிலமே கைமாறியிருக்கிறது. அங்கே நாவலை ஆரம்பியுங்கள். புயலை ஆரம்பத்தில் வீணாக்காதீர்கள்.

தேதியை நிரூபிக்க ஒரே ஆள் அருள். அவனை எங்கே வைப்பது? துபாயில் வைக்காதீர்கள். புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் மெக்கானிக்காக வையுங்கள். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பாட்டிலுக்காகப் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரப் பயணம். இத்தனை ஆண்டும் அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறான் என்பது அவளுக்குச் சம்மன் முகவரியைப் பார்க்கும்போதுதான் தெரிய வேண்டும். வேறு ஆட்சிப் பகுதி என்பதால் சம்மன் அந்த ஊர் நீதிமன்றம் வழியாகப் போகும். தூரத்தைக் காட்டி அவன் தப்பவும் முடியாது.

“அன்றிரவு என் அண்ணனைப் பார்த்தாயா?” என்று அவள் வக்கீல் வாயால் கேட்கிறாள். அவள் உண்மையில் கேட்க நினைப்பது வேறு. இரண்டுக்கும் அவன் சொல்லப்போகும் பதில் ஒன்றாக இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

சோனாங்குப்பத்தான்:

கிளார்க் ஐயா கரையைச் சொல்லிவிட்டார். தண்ணீரை நான் சொல்கிறேன்.

புயல் கூண்டு ஏற்றிய பிறகு எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். படகுகளை உப்பனாற்றுக்குள் ஏற்றி, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். ஆகவே “மீன்பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டான்” என்று எந்தப் பாத்திரத்தையும் பேச விடாதீர்கள். படகைக் கட்டத்தான் போனான் என்று நீங்கள் எழுதியிருப்பது சரி. காலிப் படகு பிறகு எங்கே ஒதுங்கியது என்று சொல்லவில்லையே? புதுச்சேரிப் பக்கம் ஒதுக்கிவிடாதீர்கள். அது வாடைக் காலம், கடலோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுக்குங்கள்.

மிரட்டலுக்குப் பதிலாக எனக்கு ஒரு யோசனை. காற்று ஏறிய நேரத்தில் கட்டிய படகுகள் ஒன்றை ஒன்று இடித்து நொறுக்கும். வரிசையில் ஒரு படகு தறிகெட்டு ஆடினால் பக்கத்துப் படகுகள் எல்லாம் போய்விடும். அப்போது அந்த ஒன்றின் கயிற்றை வெட்டி விடுவதைத் தவிர வழியில்லை. அருள் வெட்டுகிறான். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து வெட்டுகிறான். அது அண்ணனின் படகு. காலையில் அண்ணனைக் காணோம். தான்தான் அவனைக் கடலுக்குள் அனுப்பிவிட்டோம் என்று நம்புகிறான். அந்த முகத்தோடு அவள் வீட்டு வாசலில் எப்படி நிற்பான்? ஒரு போனில் சொல்லும் விஷயமா இது? உண்மையில், அவன் வெட்டுவதற்கு முன்பே கூட்டாளி காரியத்தை முடித்து, உடலை இன்ஜின் அறையில் போட்டிருந்தார். யாரோ கயிற்றை வெட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. அது அவருக்கு அடித்த அதிர்ஷ்டம்.

தடயமும் அதிலேயே இருக்கிறது. தானாக அறுந்த நைலான் கயிற்றின் நுனி இழை இழையாகப் பிரிந்து, ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு நீளத்தில் தொங்கும். கத்தி பட்ட நுனி ஒரே மட்டமாக இருக்கும். கரையில் படகு கட்டும் குற்றியில் மிஞ்சிய துண்டை யாராவது கிழவர் எடுத்து வைத்திருக்கட்டும். எங்கள் ஊரில் நல்ல கயிற்றை யாரும் எறிய மாட்டார்கள்.

இன்னொன்று, இந்தக் கால அத்தியாயங்களில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2011 நினைவுகளில் எழுதினால் அது 45 நாள்தான், மே மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும். பைபர் படகுக்குத் தடை இல்லை. துறைமுகமே வெறிச்சோடி, ஐஸ் கம்பெனி பாதி ஓட்டத்தில் இருக்கும் அந்த மாதங்களில் அவள் பழைய பேரேடுகளைப் புரட்டலாம், கேட்க ஆள் இருக்காது.

முதுநகர்க்காரி:

கயிற்றை இப்போதே எடுத்துக்கொண்டேன் தம்பி. மிரட்டல் போயிற்று, இன்ஸ்பெக்டர் போயிற்று. ஐயா, வில்லங்கச் சான்றைத்தான் முதல் பக்கமாக வைக்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: அவள் அவனை மன்னிப்பது எங்கே வர வேண்டும்? கூட்டாளி மாட்டிக்கொண்ட பிறகு, மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில், சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் கூட்டத்துக்கு நடுவே என்று வைத்திருக்கிறேன்.

பண்ருட்டி வாசகி:

அதற்கு நான் ஒப்ப மாட்டேன். கூட்டாளி மாட்டிய பிறகு இவன் குற்றமற்றவன் என்று ஊரே சொல்லும். ஊர் சொன்ன பிறகு அவளும் ஏற்றுக்கொள்கிறாள் என்றால் அதற்கு அவள் எதற்கு, நீதிபதி போதுமே? கூண்டில் நின்று “நான்தான் வெட்டினேன்” என்கிறான். உடல் உள்ளே இருந்த உண்மை அப்போது யாருக்கும் தெரியாது. அவளுக்கு அவன் அண்ணனைக் கொன்றவன். அன்று சாயங்காலம் அவள் என்ன செய்கிறாள்? நாவலின் நடு எலும்பு அந்தச் சாயங்காலம். அவனோடு ஒரே பஸ்ஸில் ஏறி, பேசாமல் உட்கார்ந்து, முதுநகர் வந்ததும் இறங்காமல் இருந்தால்கூடப் போதும் எனக்கு. மன்னிக்க வேண்டாம். இறங்காமல் இருக்கட்டும். உண்மை அதன் பிறகு வரட்டும்.

மாசி மகக் கூட்டத்தைக் கூட்டாளி தப்பிக்கப் பார்க்கும் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெஞ்சு கிளார்க்:

வாசகி அம்மா சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பஸ் தப்பு. அவன் புதுச்சேரி போகிறவன், வடக்கே. அவள் முதுநகர் போகிறவள், தெற்கே. ஒரே பஸ்ஸில் ஏறினாலே யாரோ ஒருவர் தவறான பஸ்ஸில் இருக்கிறார்கள். யார் என்று ஆசிரியர் முடிவு செய்யட்டும்.

முதுநகர்க்காரி:

அவள் ஏறுகிறாள் ஐயா, அவன் பஸ்ஸில். ஆல்பேட்டையில் பை சோதிக்க ஏறும் போலீஸ்காரர், “எங்கே போகிறீர்கள்?” என்று கேட்கட்டும். எழுதிவிட்டு வருகிறேன்.

சோனாங்குப்பத்தான்:

அக்கா, கடைசியாக ஒன்று. கூட்டாளிக்கு மீசை, கார் நிறம், வீட்டுத் தெரு எதையும் அடையாளமாகப் போடாதீர்கள். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம், எல்லோருக்கும் மீசை இருக்கிறது. எனக்கு நாளைக்கும் அவர்களிடம்தான் ஐஸ் வாங்க வேண்டும்.