மாடிப்படியின் தீத்தடுப்புக் கதவு யார் பொறுப்பு?

கேள்வி:
இலண்டனில் 11 மீட்டருக்கும் கூடுதலான உயரமுள்ள எங்கள் அடுக்ககத்தின் நிலவுரிமையை, வீட்டுக்காரர்கள் நாங்களே ஒரு நிறுவனம் தொடங்கிக் கூட்டாக வாங்கியிருக்கிறோம். மாடிப்படிக் கதவு ஒன்று முழுதாக மூடாமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டியவர் யார்?

பதில் 1:
நீங்கள்தான். 2005ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு ஆணைப்படி பொதுப் பகுதிகளுக்கு உங்கள் நிறுவனமே பொறுப்பாளர். மேலாண்மை முகவரை அமர்த்தினாலும் அப்பொறுப்பு உங்களை விட்டு நீங்காது. 2017இல் இலண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் இயற்றப்பட்டு, 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 11 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களில் பொதுவழிக் கதவுகளை 3 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். வீடுகளின் வாசற்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க இயன்றவரை முயல வேண்டும். திறக்க மறுக்கும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் நகலை, முயன்றதற்குச் சான்றாகப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2:
இந்த வழக்கமான சோதனைக்கு நிபுணர் தேவையில்லை. கதவைப் பாதி திறந்து விட்டுப் பாருங்கள். அது தானாகவே முழுதும் மூடிக்கொள்ள வேண்டும். தீயும் புகையும் புகாதபடி கதவோரத்தில் பொருத்தியிருக்கும் விளிம்புப் பட்டைகளையும் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் வர்ணம் பூச வந்தவர் (நல்ல வேலைக்காரர்தான்) புகைத்தடுப்புத் தூரிகைப் பட்டையின் மேலும் சேர்த்துப் பூசிவிட்டதால், அது குச்சிபோல் விறைத்துவிட்டது.

கேட்டவர்:
நன்றி. கதவைத் தானாக மூடவைக்கும் மூடுகருவியின் திருகு தளர்ந்திருந்தது. முடுக்கியதும் கதவு ஒழுங்காக மூடுகிறது. தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதிவிட்டேன்.