மறு: ‘விரிவாக்கி’ வேண்டாம், ‘நெகிழ்த்தி’ பொருந்துமா? (ப்ராங்கோடைலேட்டர்)

அன்புள்ள குழுவினருக்கு,

இந்த இழையில் நான் தாமதமாக நுழைகிறேன். ஆஸ்துமா நோயாளிகள் கையில் கொடுக்கும் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நின்றது ‘ப்ராங்கோடைலேட்டர்’ என்ற சொல்தான். மூச்சு முட்டும்போது குழலைத் திறந்துவிடும் மருந்து அது.

> ப்ராங்கோடைலேட்டர் = மூச்சுக்குழல் விரிவாக்கி. அகராதியிலேயே இருக்கிறது. இதற்கு எதற்கு இத்தனை மடல்?

இருக்கிறது ஐயா. ஆனால் ‘மூச்சுக்குழல் விரிவு’ என்பதை நாம் ஏற்கெனவே ஒரு நோய்க்குக் கொடுத்துவிட்டோம். குழல் நிரந்தரமாக அகன்று, சளி தேங்கி, அடிக்கடி கிருமி தொற்றும் நோய் அது. அந்த நோய் உள்ளவருக்கும் சில சமயம் இந்த மருந்தை எழுதுவார்கள். “என் குழல் ஏற்கெனவே விரிந்துதானே கிடக்கிறது, இன்னும் விரிக்கவா?” என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? போன வாரம் ஒருவர் முன்வைத்த ‘அகற்றி’ இன்னும் மோசம். குழலையே எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுவார்கள்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. விரிவது விளைவு, மருந்து செய்வது அதற்கு முந்தைய வேலை. மூச்சுமுட்டலில் மூன்று கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன: குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உள்சுவர் வீங்குகிறது, சளி அடைக்கிறது. இந்த வகையில் வழக்கமாகக் கொடுக்கும் சால்பியூட்டமால் தொடுவது முதலாவதை மட்டும்தான். ஐந்து நிமிடத்துக்குள் தசை பிடியை விடுகிறது, நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்குகிறது. வீக்கம் அப்படியே இருக்கிறது. ‘விரிவாக்கி’ என்றதும் “குழல் சரியாகிவிட்டது” என்று நினைத்து, வீக்கத்துக்கான ஸ்டீராய்டு மருந்தைத் தூக்கி ஓரம் வைப்பவர்களை நான் வீட்டிலேயே பார்க்கிறேன்.

> அப்படியானால் ‘தளர்த்தி’. தசையைத் தளர்த்துகிறது, அவ்வளவுதானே?

மருத்துவர் அக்கா சொன்னது அறிவியல்படி மிகச் சரி. இன்னொரு வகை மருந்துக்கும் இது பொருந்தும். ஐப்ராட்ரோப்பியம் வேறு வழியில் போய், தசையை இறுக்கும் நரம்புச் செய்தியைத் தடுக்கிறது. அது அட்ரோப்பின் வழி வந்தது. அட்ரோப்பின் நம் ஊமத்தையில் இருக்கிறது. மூச்சுமுட்டலுக்கு ஊமத்தையைப் புகையாக இழுக்கும் பழக்கம் 1802 வாக்கில் சென்னையிலிருந்துதான் ஆங்கிலேயர் வழியாக பிரிட்டனுக்குப் போனது. (தயவுசெய்து யாரும் கொல்லைப்புற ஊமத்தையைத் தேடிப் போகாதீர்கள். அளவு தெரியாத நஞ்சு அது.) வழி எதுவானாலும் முடிவில் தசை தளர்கிறது.

ஆனால் தமிழில் ‘தளர்ச்சி’ காதில் எப்படி விழுகிறது? நரம்புத் தளர்ச்சி, உடல் தளர்ச்சி. “பம்ப் அடிச்சா பழகிடும், நுரையீரல் பலவீனமாயிடும்” என்ற பயம் ஏற்கெனவே ஊரில் உண்டு. அந்த பயத்துக்கு நாமே ஒரு சொல்லைச் செய்து கொடுக்க வேண்டாமே. ‘இளக்கி’யும் யோசித்தேன், மலமிளக்கி போல. சளியை இளக்கும் டானிக் என்றே எல்லாரும் நினைப்பார்கள்.

என் பரிந்துரை: மூச்சுக்குழல் நெகிழ்த்தி. இறுகப் பிடித்திருப்பது விட்டுக்கொடுப்பதுதான் நெகிழ்வு. பிடி நெகிழும், முடிச்சு நெகிழும், சங்கப் பாட்டில் தலைவியின் வளை நெகிழும். குழலைச் சுற்றி அந்தத் தசையும் கிட்டத்தட்ட வளையம்போலத்தான் ஓடுகிறது. ‘நெகிழி’ என்றால் பிளாஸ்டிக் ஆயிற்றே என்பீர்கள். ஒரு ‘த்தி’ வித்தியாசம் போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது இன்ஹேலர்.

> உறிஞ்சி என்று வைத்தால் சுருக்கமாக இருக்கும்.

இதை மட்டும் விடவே மாட்டேன். இளநீரை உறிஞ்சுவதுபோல் கன்னம் குழிய இழுத்தால், அழுத்தி அடிக்கும் வகையில் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். அதை மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். கேப்சூலை உடைத்துப் பொடியை இழுக்கும் கருவிக்கோ நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஆகவே கருவிக்கு ‘உள்ளிழுப்பி’ என்று பொதுவாக வைத்துவிட்டு, மெல்லவா வேகமாகவா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியே எழுதியாக வேண்டும். அம்மா அந்தக் கேப்சூலை நாலு நாள் தண்ணீரோடு விழுங்கினாள். சீட்டில் ‘காலை 1, இரவு 1’ என்றுதான் இருந்தது. கேப்சூல் என்றால் விழுங்குவது என்பது அவள் கணக்கு. ‘இழுபொடிக் குளிகை’ என்று யாராவது எழுதியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம்.

ஒரு தடவை அடிப்பதைக் குறிக்கும் பஃப் என்பதற்கு ‘இழுப்பு’ வேண்டாம். எங்கள் பக்கம் இழுப்பு என்றால் வலிப்பு, சில வீடுகளில் ஆஸ்துமாவே இழுப்புதான். “இழுப்பு வந்தால் இரண்டு இழுப்பு” என்று அறிக்கையில் அச்சடிக்க முடியுமா? ‘அழுத்து’ போதும். ஓர் அழுத்து என்பது வழக்கமான சால்பியூட்டமால் உள்ளிழுப்பியில் 100 மைக்ரோகிராம். யாழ்ப்பாணத்து அண்ணர் அங்கே ‘முட்டு’, ‘தொய்வு’ என்றுதான் சொல்வார்கள் என்று எழுதியிருந்தார். அறிகுறிக்கு ‘மூச்சுமுட்டு’ என்று வைத்தால் இரு கரைக்கும் புரியும்.

கடைசியாக, இருப்பதிலேயே சிக்கலான ஜோடி: ரிலீவர் (முட்டும்போது உடனே தணிப்பது), பிரிவென்டர் (முட்டாமல் இருக்கத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு). பின்னதற்குத் ‘தடுப்பு மருந்து’ என்றால் போலியோ சொட்டு நினைவுக்கு வருகிறது. ஒரு தடவை எடுத்தால் முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். ‘காக்கும் மருந்து’ என்பதைச் சுருக்கிக் ‘காப்பி’ என்று ஒருவர் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். காலையும் மாலையும் தவறாமல் எடுப்பதால் பொருத்தம் என்னவோ இருக்கிறது! நான் ரிலீவருக்கு ‘முட்டு மருந்து’, பிரிவென்டருக்கு ‘அன்றாட மருந்து’ என்று போட்டிருக்கிறேன். எப்போது எடுப்பது என்பது பெயரிலேயே இருக்கட்டும். ஃபார்மோட்டெரால் என்ற நெகிழ்த்தியும் ஸ்டீராய்டும் சேர்ந்த உள்ளிழுப்பியை மருத்துவர்கள் சிலருக்கு இரண்டு வேலைக்கும் கொடுப்பதால் இந்தப் பிரிவினை அங்கே உடையும். அதற்கு ஓர் அடிக்குறிப்பு போடலாம்.

இந்த ஜோடிக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆஸ்துமாவுக்கு முட்டு மருந்தை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது, ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019இல் நிலைப்பாட்டையே மாற்றியது. முட்டு மருந்து ஆண்டுக்கு 3 குப்பியோ அதற்கு மேலோ தீர்ந்தால் நோய் திடீரென முற்றும் ஆபத்து கூடுகிறது. 12ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் வந்தால் பயந்து மருந்தை விடுகிறார்கள். உடனே தணிகிறதே என்று ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை அடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

வரைவின் ஒரு பகுதி இதுதான்:

“முட்டு மருந்து ஒரு மூச்சுக்குழல் நெகிழ்த்தி. இறுகிய தசையை நெகிழ்த்தும், வீக்கத்தை ஆற்றாது. குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டை இறுக்கி மூடி, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே ஓர் அழுத்து அழுத்துங்கள். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். அடுத்த அழுத்துக்கு முன் அரை நிமிடமாவது பொறுங்கள். அன்றாட மருந்து எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். முட்டு மருந்து எடுத்தும் தணியாவிட்டாலோ, நாலு மணி நேரம் தாங்காவிட்டாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீதி பார்க்காதீர்கள். 200 அழுத்து என்றால் எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.”

வீட்டில் பம்ப் வைத்திருக்கும் யாரிடமாவது இதைப் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் நின்று “அப்படின்னா?” என்று கேட்டார்கள் என்று எழுதுங்கள். அம்மா ‘நெகிழ்த்தி’யில் நிற்கவில்லை, ‘உள்ளிழுப்பி’யில் நின்றாள். உள்ளிழுப்பிக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசருக்கு நான் வைத்த ‘இடைக்கலம்’ அவளிடம் செல்லவே இல்லை. அவளுக்கு அது பால் டப்பா. அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் புதன்கிழமைக்குள் அனுப்புங்கள், வியாழன் அச்சுக்குப் போகிறது.