வார்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வேலையை விட்டுவிடலாமா?

கேட்பவர்: வணக்கம். நான் செவிலியர், இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்களே ஆகின்றன. பணி ஒப்படைக்கும்போது, "ஏழாம் படுக்கை நோயாளியின் இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது" என்று நான் சொன்னால், காதில் வாங்காமல் பக்கத்தில் நிற்பவரிடம் அதையே மறுபடி கேட்கிறார்கள். இரவுப் பணி பெரும்பாலும் எனக்கே விழுகிறது. நாளைக் காலையே ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாமா?

மறுமொழி 1: தங்கச்சி, முதல் குளிர்காலம் எல்லோரையும் இப்படித்தான் ஆட்டிவைக்கும். நான் வந்த புதிதில் நாலு மணிக்கே இருட்டிவிடும். இங்கே செவிலியராகப் பதிவு பெறுவதற்கான ஓஸ்கி செய்முறைத் தேர்வுக்குப் படித்தபடியே அம்மாவுக்குப் போன் செய்து அழுவேன். நல்ல கோட்டு வாங்குங்கள், தமிழ்ச் சங்கத்துக்குப் போய்வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மறுமொழி 2: பொறுத்துக்கொள்ளச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மரியாதை இல்லாத இடத்தில் எதற்கு இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பியுங்கள், என் தோழிகள் பலர் அங்கே நிம்மதியாக இருக்கிறார்கள்.

மறுமொழி 3: அங்கே போனாலும் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு: ஆள் பற்றாக்குறை என்று கடல் கடந்து வந்து நேர்காணல் நடத்துகிறார்கள், வந்தவர் நிலைத்திருக்க வார்டில் ஒருவரும் மெனக்கெடுவதில்லை. ஊரில் ஐசியுவையே நடத்தியவரும் இங்கே புதிய செவிலியருக்கான ஊதியப் படியான பேண்ட் 5-இல்தான் தொடங்குகிறார்.

மறுமொழி 4: அக்கா சொல்வது உண்மைதான், ஆனால் இந்தத் தங்கை நாளைக் காலை கடிதம் கொடுக்கப் போகிறார். என்ஹெச்எஸ் எனும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனையா, தனியார் முதியோர் இல்லமா, செவிலியரைப் பதிவு செய்யும் என்எம்சியின் பதிவு எண்ணான பின் வந்துவிட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அவசரப்படாதீர்கள். விசா உங்கள் முதலாளியின் ஸ்பான்சரில் நிற்பதால், வேலை நின்றதும் அவர் உள்துறைக்குத் தெரிவிப்பார். அதன்பின் புதிய ஸ்பான்சரைத் தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். விமானச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கும் நிபந்தனை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். நாளாக நாளாக அந்தத் தொகை குறைய வேண்டும் என்கிறது அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறை.

என்ஹெச்எஸ் என்றால், அதே டிரஸ்டில் (உங்கள் மருத்துவமனையை நடத்தும் அமைப்பில்) வேறு வார்டுக்கு மாற்றம் கேளுங்கள். முதலாளியும் பணி வகையும் மாறாதவரை பொதுவாகப் புதிய விசா தேவைப்படாது. என்னுடன் சேர்ந்த ஒரு தங்கை அப்படி மாறித்தான் இன்றுவரை இங்கே இருக்கிறார். கெண்டைக்கால் வீக்கம் ரத்தக்குழாயில் ரத்த உறைவாகவும் இருக்கலாம் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் சொன்னதையும் சொன்ன நேரத்தையும் நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அது கவனிக்கப்படாமல் போனால் தவறுகளைப் பதியும் மருத்துவமனை மென்பொருளான டேட்டிக்ஸில் பதியுங்கள்.

கேட்பவர்: என்ஹெச்எஸ்தான் அண்ணா, பின் வந்துவிட்டது. முதலில் யாரிடம் பேசுவது?

மறுமொழி 4: வார்டு மேனேஜரிடம், மின்னஞ்சலில் நேரம் கேட்டு. மூன்று மாதப் பணிப்பட்டியலை எடுத்துச் செல்லுங்கள்; இரவுப் பணி யாருக்கு எத்தனை என்பது அதிலேயே தெரியும். அங்கே பலிக்காவிட்டால் அவருக்கு மேலுள்ள மேட்ரன்; அதன்பின் 2015-இல் வந்த ராபர்ட் பிரான்சிஸ் அறிக்கையைத் தொடர்ந்து, ஊழியர்களின் குறைகளைக் கேட்பதற்கென டிரஸ்டுகளில் அமர்த்தப்பட்ட ஸ்பீக் அப் கார்டியன். ஆர்சிஎன் அல்லது யூனிசன் தொழிற்சங்கத்தில் இன்றே சேருங்கள். சேருவதற்கு முன் தொடங்கிய பிரச்சினைக்குச் சங்கம் முழு உதவி தராமல் போகலாம்.