ஒரே ஆசனக் கணக்கு: திருகோணமலை வாக்காளர்களோடு பேசியவை

உவர்மலையிலிருந்து

“தமிழர்கள் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குப் புள்ளடி போடுகிறவர்கள்” என்று கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒருவர் சொன்னார். வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் கணக்குப் பார்க்காமல் வாக்களித்த ஒருவரையாவது நான் சந்தித்ததில்லை.

2024 நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முந்தைய வாரம் பக்கத்து வீட்டு அம்மம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி, தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டிப் பக்கம். “வீட்டுக்குப் போட்டுப் போட்டு என்ன கண்டீர்கள் அம்மம்மா? எங்களுக்கு வேலை வந்ததா?” என்று கேட்டாள். அம்மம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவர், சுளகின் ஓரத்தில் நான்கு மிளகாயை எடுத்து வைத்தார். “மாவட்டத்துக்கு நான்கு ஆசனம். கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு ஒன்று போனஸாகப் போய்விடும்.” ஒன்றை எடுத்து அப்பால் போட்டார். “மிச்சம் மூன்றைத்தான் பங்கு போடுவார்கள். 2000ஆம் ஆண்டு நாங்கள் பிரிந்து நின்று ஒன்றுகூட இல்லாமல் போனோம். அடுத்த வருடம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்து நின்றோம், ஒன்று வந்தது. 2004இல் இரண்டு வந்தது.”

பேத்தி அதைக் கேட்டது அன்றுதான் முதல்முறை போலிருந்தது. ஆனாலும் விடவில்லை. “ஆசனத்தைக் காப்பாற்றினீர்கள் சரி, அந்த ஆசனம் எங்களுக்கு எதைக் காப்பாற்றித் தந்தது?” அந்தக் கேள்விக்கு அம்மம்மாவிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அப்படிக் கேட்கிற பிள்ளைகளைத் துரோகி என்று ஏசுகிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஆண்டு செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்கச் சொன்னது. அம்மம்மா கேட்கவில்லை. தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குத்தான் போட்டார். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குப் போட்டார். ஜனாதிபதித் தேர்தலில் மனதில் இருப்பதைச் சொல்லலாம், பாராளுமன்றத் தேர்தலில் ஆசனத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர் நியாயம்.

எங்கள் மாவட்டத்தின் தமிழரசுக் கட்சித் தலைவர் சம்பந்தன் ஐயா அந்த ஆண்டு ஜூன் 30இல் காலமான பிறகு வந்த முதல் பொதுத்தேர்தல் அது. தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. யாழ்ப்பாணத்தில் தனித்தனியே மோதிய தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் இங்கே வீட்டுச் சின்னத்தில் ஒரே பட்டியலில் நின்றன. அந்த ஓர் ஆசனம் தப்பியது அதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிண்ணியாவிலிருந்து

உவர்மலை அக்கா சொன்ன கணக்கு முஸ்லிம்களான எங்களிடமும் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள்தான் கூடுதல். இருந்தும் 2020இல் இரண்டாக இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் 2024இல் ஒன்றாகிவிட்டார்கள். எங்களைப் பிரிப்பது கட்சி மட்டுமல்ல, ஊரும்தான். கட்சிப் பட்டியலில் பிடித்த வேட்பாளருக்குப் போடுகிற விருப்பு வாக்கில், கிண்ணியாவா, மூதூரா, புல்மோட்டையா என்று தொடங்குகிற சண்டை தேர்தல் முடிந்தும் தீராது. ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவரை ஒருவர் வெட்டுகிறார்கள். இது எனக்குப் பெரிய மனவேதனை.

எங்கள் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடலைக் கடந்தோம். நோயாளியை வைத்துக்கொண்டு அக்கரையில் பாதைக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தப் பாலத்தின் அருமை தெரியும். மூன்று மாதத்தில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. மீன்பிடிக்கிற பெரியவர் ஒருவரிடம், “பாலம் கட்டித் தந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவுக்குத்தானே உங்கள் வாக்கு?” என்று கேட்டேன். “பாலத்துக்கு நன்றி சொல்வேன் மகன். கடலுக்குப் போகப் பாஸ் கேட்கிறானே, அதற்கு யாரிடம் போய்ச் சொல்வது?” என்றார். மாவட்டம் அந்தமுறை அவரை எதிர்த்து நின்ற சரத் பொன்சேகாவின் பக்கம்தான் நின்றது. அபிவிருத்தி காட்டினால் வாக்கு வரும் என்று நினைக்கிறவர்கள் இங்கே வந்து அந்தப் பெரியவரைப் போன்றவர்களிடம் பேசவேண்டும்.

சம்பூரிலிருந்து

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006இல் இடம்பெயர்ந்தோம். ஊர், நாங்கள் திரும்பிப் போக முடியாத உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் இருந்து 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐயா, “மஹிந்தவை எதிர்த்து நிற்கிற மைத்திரியை எனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரிந்தது என் காணி மட்டும்தான்” என்றார். மாவட்டத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மைத்திரிக்கு விழுந்தது. அதே ஆண்டில் காணி விடுவிப்புத் தொடங்கியது. ஐயா தன் வளவுக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை, கிணற்றை வைத்துத்தான் எல்லையைக் கண்டுபிடித்தோம்.

அதனால் வாக்குப் போட்டு என்ன பயன் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுக்க முடியாது. தேர்தலுக்குத் தேர்தல் வருகிறவர்களிடம் நாங்கள் கொள்கை விளக்கம் கேட்பதில்லை. மேய்ச்சல் தரைக்கு என்ன வழி என்று கேட்கிறோம். இதுவரை வந்தவர்களில் ஒருவர்தான் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். விருப்பு வாக்கில் அவருடைய இலக்கத்துக்குத்தான் நான் போட்டேன்.