ஃபைபர் பறை அடித்தால் அசல் கலைஞர் இல்லையா?

கேள்வி: எங்கள் குழுவில் தோல் பறை, ஃபைபர் பறை ரெண்டும் உண்டு. ஒரு கல்லூரி விழாவில், "ஃபைபர் வேண்டாம், வேட்டியை மடிச்சுக் கட்டுங்க, அப்பதான் ஒரிஜினலா இருக்கும்" என்றார்கள். அன்றைக்கு நல்ல மழை. தோல் தொய்ந்துவிட்டது, தீ மூட்டிக் காய்ச்சி இறுக்கவும் விடவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பதில் 1: காய்ச்சிய தோலின் கணீர் ஃபைபரில் வராது தோழர். ஆனால் பறையடிக்கும் இரண்டு குச்சிகளான சுண்டுக்குச்சி, அடிக்குச்சி பிடிக்கிற கையைப் பாருங்கள், தெரிந்துவிடும். உடுப்பில் என்ன இருக்கிறது?

பதில் 2: அமெரிக்காவில், சிறையிலிருந்து விடுதலையான கறுப்பினப் பாடகர் லெட் பெல்லிக்கும் இதுதான் நடந்தது. 1935 செய்திப்படத்தில் கைதி உடுப்போடு நடிக்க வைத்தார்கள். அவர் விரும்பி உடுத்தியது கோட்டு சூட்டு. மனசு கொதிக்கிறது.

பதில் 3: தம்பி, முன்பணம் வாங்கும்போதே தீ மூட்ட இடம் கேட்டுடுங்க. இல்லேன்னா ஃபைபர்தான்னு சொல்லிடுங்க.