செப்சிஸ் அலாரத்தை நம்பலாமா?

இரவுப்பணி செவிலி:
எங்கள் வார்டுக்குச் செப்சிஸை, அதாவது நோய்த்தொற்றுக்கு உடல் அளவுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகளே பழுதாகும் ஆபத்தான நிலையை, முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள் வரப்போகிறதாம். அமெரிக்காவில் மருத்துவமனை மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனம் விற்ற இதுபோன்ற ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 38,455 உள்நோயாளி அனுமதிகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு 2021இல் வெளியானது. செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அது கோட்டைவிட்டிருக்கிறது. ஆனால் மொத்த அனுமதிகளில் 18 விழுக்காட்டுக்கு அலாரம் அடித்திருக்கிறது. இதை நம்பியா நோயாளியை விடுவது?

கணக்கன்:
ஒன்று தவறியதற்காக எல்லாவற்றையும் குப்பையில் போடலாமா? 2005இல் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணும் புள்ளியியல் மாதிரிதான், அதாவது பழைய தரவுகளை வைத்துக் கணிக்கும் கணக்குமுறைதான். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கே கேள்விகள். 60ஓ அதற்கு மேலோ வந்தால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். ஓர் இஞ்சு டேப் போதும். சென்னை மக்களை அளந்து செய்ததால் நம் ஊரில் உதவுகிறது.

இரவுப்பணி செவிலி:
உங்கள் இஞ்சு டேப் இரவு மூன்று மணிக்குக் கத்தாது. மிச்சிகனில் அலாரம் அடித்த நூறு பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் உண்மையில் செப்சிஸ். போன வாரம் ஒருவர் விரலிலிருந்து ஆக்சிஜன் கிளிப் நழுவி மானிட்டர் கத்தியது. என் கை தானாகப் போய் ஒலியை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வீண் அலாரம் மனிதரை இப்படித்தான் பழக்கும்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:
அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த எபிக் மாதிரியில் இன்னொரு வேடிக்கை. மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதியதையும் அது ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டது. நான் சந்தேகப்பட்டு மருந்து எழுதிய பிறகு, 'செப்சிஸாக இருக்கலாம்' என்று எனக்கே சொன்னால் அது கணிப்பா? பிறகு 2022இல் நிறுவனமே மாதிரியைத் திருத்தியது.

கணக்கன்:
ஐயா, அந்தப் பிழையை அம்பலப்படுத்தியதும் புள்ளியியல்தானே? செப்சிஸ் வருபவரை மற்றவரிடமிருந்து பிரித்தறியும் திறனுக்கு, நாணயம் சுண்டினால் 0.5, தவறே இல்லையென்றால் 1 என்ற அளவுகோலில், நிறுவனம் சொன்னது 0.76 முதல் 0.83. வெளியார் சோதித்தபோது கிடைத்தது 0.63. கோளாறு கணக்கில் இல்லை, வெளிச்சோதனை இல்லாமல் விற்றதில் இருக்கிறது. உங்கள் வார்டில் முதல் ஆறு மாதம் அலாரத்தை அணைத்துவிட்டுப் பின்னணியில் மட்டும் ஓடவிடுங்கள். யாருக்குச் செப்சிஸ் வந்தது, மாதிரி யாரைச் சொன்னது என்று ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இரவுப்பணி செவிலி:
எதோடு ஒப்பிடுவது, தம்பி? காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்த அழுத்தத்தைப் பெரும்பாலும் எட்டு மணிக்கு, பணி மாறும்போதுதான் கணினியில் ஏற்றுகிறோம். முப்பது படுக்கைக்கு இரண்டு பேர். அதுவரை கையுறைப் பெட்டியின் அட்டையில்தான் எழுதி வைத்திருப்போம். உங்கள் மாதிரி எந்த மணியை நம்பும்?

கணக்கன்:
ஏற்றிய மணியைத்தான். இரண்டு மணி நேரம் பிந்திய எண்ணை வைத்து முன்கூட்டியே சொல்ல அதனால் முடியாது. அந்த அட்டையை ஒரு வாரம் தூக்கி எறியாமல் வைத்திருக்க முடியுமா?