அகபெல்லா டெம்பௌ பீட்டை விட்டு ஓடுகிறது, உதவுங்கள் (அவசரம்)

தாளக்கிறுக்கன்:
பழைய நியூயார்க் ராப் அகபெல்லாக்களை (இசை இல்லாத தனிக்குரல்) ரெகேட்டோன் இசையின் டெம்பௌ பீட்டில் ஏற்றி ஒரு ரீமிக்ஸ் ஆல்பம் செய்கிறேன். ஒரு பாட்டு மட்டும் படுத்துகிறது. முதல் சரணம் கச்சிதமாக உட்காருகிறது, இரண்டாவதில் குரல் பீட்டை விட்டு ஓடிவிடுகிறது. எல்லாம் செய்து பார்த்தாயிற்று. நாளைக்குள் முடிக்க வேண்டும்.

ராத்திரிரேடியோ:
எல்லாம் என்றால் என்னென்ன? எந்த மென்பொருள்? பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி) எவ்வளவு? அகபெல்லா இசைக் கம்பெனி வெளியிட்டதா, ஏஐ வைத்துப் பாட்டிலிருந்து பிரித்ததா?

கடைசிபெஞ்ச்:
சாம்பிள் ரேட்தான் (விநாடிக்கு எத்தனை ஒலி மாதிரி), சந்தேகமே வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று படித்தால் ஓடத்தான் செய்யும்.

மூத்தகாது:
அப்படிப் படித்தால் குரல் கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) ஏறி, முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் சரணம் வரை காத்திருக்காது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அலங்காரத்துக்கு அல்ல.

தாளக்கிறுக்கன்:
92. அது குரல், பீட் 95.

ராத்திரிரேடியோ:
92ஐ யார் சொன்னது, மென்பொருளா? அது 92.3 ஆக இருந்தால் ஒரு நிமிடத்தில் 0.2 விநாடி தள்ளிப்போகும். அதுவே போதும். அகபெல்லாவில் அளக்காதீர்கள், பீட்டோடு இருக்கும் அசல் பாட்டில் அளங்கள். முதல் கிக்கிலிருந்து (கனத்த டிரம் அடி) 64 பார் (ஒரு பார் நான்கு அடி) தள்ளி வரும் கிக் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். 256ஐ 60ஆல் பெருக்கி அந்த விநாடியால் வகுத்தால் சரியான பிபிஎம். கிடைத்த எண்ணைக் கையால் அடியுங்கள், மென்பொருளே நீட்டிச் சுருக்கும் ஆட்டோ வார்ப் வேண்டாம்.

சந்துமுனை_டிஜே:
நேரம் சரியானாலும் உதைக்கும், பாருங்கள். ராப்பர் எதுகையைப் போடுவது 2, 4ஆம் அடிகளில், ஹிப்ஹாப் ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி) விழும் இடத்தில். ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்தால் 5, 13. டெம்பௌ ஸ்னேர் விழுவது 4, 7, 12, 15இல். குரல் அழுத்தும் இடத்தில் வெறும் கிக்தான் இருக்கும். அங்கே மெல்லியதாக ஒரு கிளாப் (கைதட்டல் ஒலி) போடுங்கள்.

மூத்தகாது:
போட்டால் அது ரெகேட்டோனே இல்லை. அந்த இழுபறிதான் அதன் ருசி.

சந்துமுனை_டிஜே:
ருசிக்கு நீங்கள் என்ன காவல்காரரா? அந்தத் தாளமே ஜமைக்காவிலிருந்து வந்ததுதான். அந்த ஊர்ப் பாடகர் ஷாபா ரேங்ஸின் 'டெம் பௌ' பாட்டிலிருந்துதானே டெம்பௌ என்ற பெயரே வந்தது? பனாமாவில் அதை ஸ்பானிஷில் பாடினார்கள். போர்ட்டோரிக்கோவில் டிஜே பிளேயரோவின் கேசட்டுகளில் அமெரிக்க ராப் பீட்டும் ஜமைக்கா ரிதமும் ஒரே பக்கத்தில் ஓடும். அதற்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?

மூத்தகாது:
1995இல் அதே போர்ட்டோரிக்கோவின் சான் ஹுவானில் போலீஸ் கடை கடையாகப் புகுந்து கேசட்டுகளை அள்ளியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச்:
அது வரிகள் ஆபாசம் என்று. காப்புரிமைக்காக அல்ல.

ராத்திரிரேடியோ:
காப்புரிமை என்றால் 2004இல் வந்த கிரே ஆல்பம் என்ற ரீமிக்ஸ். ராப்பர் ஜே-ஸீயின் குரல், பீட்டில்ஸ் இசை. ஜே-ஸீயின் அகபெல்லா முறையாக வெளிவந்ததுதான், அந்தப் பக்கம் தொந்தரவில்லை. இசைப் பக்கமிருந்துதான், பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை வைத்திருந்த ஈஎம்ஐ நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியது. தாளக்கிறுக்கன், பீட் நீங்களே அடித்ததா, எங்கிருந்தாவது எடுத்ததா?

கடைசிபெஞ்ச்:
இலவசமாகக் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

மூத்தகாது:
யார் சொன்னது? தேடல் பெட்டி.

தாளக்கிறுக்கன்:
91.7 வந்தது. ஒட்டிக்கொண்டது. கிளாப் போடவில்லை. நன்றி.

சந்துமுனை_டிஜே:
கேட்காமலே முடிவெடுக்காதீர்கள், ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

ராத்திரிரேடியோ:
பீட் யாருடையது?